வெள்ளிக் கப்பலை நம்பி ஏற்றிய செலவு: ஸ்பெயினாக ஆடிய ஓர் ஆட்டத்தின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

இது 1444-ல் தொடங்கி 1611-ல் நாங்களே நிறுத்திக்கொண்ட ஓர் ஆட்டத்தின் பதிவு. ஆட்டத்தின் பெயர் யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4; பழைய காலத்து நாடு ஒன்றை எடுத்து நடத்தும் கணினி விளையாட்டு. ஆடியவர்கள் இரண்டு பேர். ஒருவன் என் அக்கா மகன்; கல்லூரியில் வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறான். இன்னொருவன் நான், ஒரு கடன் சங்கத்தில் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். மவுஸ் அவன் கையில், நான் பக்கத்து நாற்காலியில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற நேரம்வரை ஓடும். ஒவ்வொரு ஞாயிறும் எழுந்திருக்கும் முன் தனியாக ஒரு சேவ் (ஆட்டத்தின் அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். அது தொழில் பழக்கம். அந்தப் பழக்கம் இல்லையென்றால் இதை எழுதியிருக்க முடியாது.

ஆட்டத்தை நிறுத்தியபோது எங்கள் கஜானாவுக்கு வந்து போன வெள்ளி வேறு எந்த நாட்டுக்கும் வரவில்லை. அப்படி இருந்தும் ஒருமுறை திவாலாகி, நெதர்லாந்தையும் மெக்சிகோவையும் இழந்திருந்தோம். "எந்த இடத்துல மாமா தப்பு நடந்துச்சு?" என்று கேட்டான். எனக்கு உடனே பதில் தெரியவில்லை. அவன் நெதர்லாந்துக் கலகம் என்று நினைத்தான், நான் பிரான்சுடன் நடந்த போர் என்று நினைத்தேன். பதினொரு சேவ் ஃபைல்களையும் வரிசையாகத் திறந்து, ஒவ்வொன்றிலும் வரவு செலவுப் பக்கத்தை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தோம். இரண்டு பேர் நினைத்ததும் சரியில்லை என்று தெரிந்தது. தப்பு நடந்தது அந்தக் கலகத்துக்கும் போருக்கும் ஏறக்குறைய இருபது வருடம் முன்னால், யாரும் எந்தச் சண்டையும் போடாத ஒரு மாதத்தில்.

## ஆட்டத்தின் கணக்கு முறை

இந்த ஆட்டம் 1444 நவம்பர் 11 அன்று, வார்னா போர் முடிந்த மறுநாள் தொடங்குகிறது. 1821 வரை ஆடலாம். அன்றைக்கு ஸ்பெயின் என்று ஒரு நாடு கிடையாது. ஐபீரியத் தீபகற்பத்தில் காஸ்டீல், அரகோன், போர்ச்சுகல், நவார் என்று நான்கு கிறித்தவ அரசுகளும், தெற்கே கிரனாடா என்ற முஸ்லிம் அரசும் இருந்தன. ஸ்பெயினாக ஆட விரும்புகிறவர் காஸ்டீலை எடுத்துக்கொண்டு, அரகோனைச் சேர்த்து, ஸ்பெயினை உருவாக்க வேண்டும்.

நாட்டை நடத்த மூன்று வகைப் புள்ளிகள் உண்டு: நிர்வாகம், ராஜதந்திரம், படை. அரசர் திறமையானவராக இருந்தால் மாதம்தோறும் நிறையச் சேரும். பிடித்த நிலத்தை நாட்டோடு சேர்க்க, தொழில்நுட்பத்தில் முன்னேற, பணவீக்கத்தைக் குறைக்க என்று எல்லாவற்றுக்கும் இவைதான் செலவாகும்.

பணம் வேறு. டுகாட் என்ற நாணயத்தில் வரி, உற்பத்தி, வணிகம் எல்லாம் மாதக் கணக்கில் வரும். வணிகம் வாய்க்கால் மாதிரி. உலகம் முழுக்க முனைகள் இருக்கின்றன. மதிப்பு ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்கு ஒரே திசையில்தான் ஓடும், திரும்பாது. கரீபியனில் சேருவது ஸ்பெயின் துறைமுகமான செவில்லாவுக்கு வரும். செவில்லாவில் மடையை அடைக்காவிட்டால் ஜெனோவா பக்கம் போய்விடும். ஜெனோவா, வெனிஸ், ஆங்கிலக் கால்வாய் மூன்றும் கடைமடை. அங்கே உட்கார்ந்திருப்பவனிடமிருந்து யாரும் எதையும் இழுத்துக்கொண்டு போக முடியாது. அன்றைய நெதர்லாந்தின் துறைமுக நகரமான ஆன்ட்வெர்ப் அந்தக் கால்வாய் முனையில் இருக்கிறது. நெதர்லாந்தை நாங்கள் விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இது ஒரு காரணம்.

இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள இன்னும் இரண்டு விதிகள் வேண்டும். அமெரிக்காவில் ஒரு பிராந்தியத்தில் ஐந்து மாகாணங்கள் சேர்ந்தால் அது தனிக் குடியேற்ற நாடாகிவிடும். அங்கே பொன் சுரங்கம் இருந்தால், அதன் வருமானம் மாதாமாதம் வராது; சேர்த்து வைத்து, மொத்தமாக ஒரு கப்பல் தொகுதியில் வரும். வந்ததும் கஜானா ஒரே நாளில் வீங்கும், கூடவே பணவீக்கமும் ஏறும். அடுத்தது கடன். கஜானா சுழியத்துக்குக் கீழே போனால் ஆட்டம் தானாகவே கடன் எடுத்துவிடும். ஐந்து ஆண்டுத் தவணை, அடிப்படை வட்டி ஆண்டுக்கு 4 சதவீதம். ஒவ்வொரு கடனும் பணவீக்கத்தில் இன்னும் ஒரு 0.1 சதவீதத்தைச் சேர்க்கும்.

## 1444–1492: சேர்த்த காலம்

தொடக்கத்தில் காஸ்டீலின் அரசர் இரண்டாம் ஹுவான். வாரிசு என்ரிக்கே. ஆட்டத்தில் இந்த வாரிசுக்கு மூன்று திறனிலும் சுழியம். புகழ்ப் புள்ளி 50 கொடுத்தால் அவரைத் தள்ளி வைக்கலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். நாங்கள் செய்யவில்லை. "உண்மையில அவர்தான ராஜா ஆனார், இருக்கட்டும் மாமா" என்றான். வரலாற்றிலும் நான்காம் என்ரிக்கே 1454 முதல் 1474 வரை ஆண்டார். பிரபுக்களோடு சண்டையிலேயே காலம் போனது. எங்களுக்கும் அதேதான் நடந்தது. புள்ளிகள் ஆமை வேகத்தில் சேர்ந்தன, பக்கத்து நாடுகள் தொழில்நுட்பத்தில் முன்னால் போயின. ஆனால் சேவ்களைத் திரும்பப் பார்த்தபோது இந்த முடிவால் பெரிய நஷ்டம் இல்லை என்றே தோன்றியது. இருபது வருடத்தில் ஈடு கட்டிவிட்டோம்.

கிரனாடாவை 1450-களிலேயே பிடித்தோம். உண்மையில் அது விழுந்தது 1492 ஜனவரி 2 அன்று. 1470-களில் ஐபீரியத் திருமணம் என்ற நிகழ்வு வந்தது. இசபெல்லாவும் ஃபெர்டினாந்தும் 1469-ல் வல்யடோலிடில் செய்துகொண்ட திருமணத்தின் ஆட்ட வடிவம் அது. அரகோன் எங்கள் முடியின் கீழ் வந்தது, அதோடு நேப்பிள்ஸும். அதே தலைமுறையில் பர்கண்டியோடு ஏற்கெனவே செய்து வைத்திருந்த அரச குடும்பச் சம்பந்தமும் பலித்தது. அந்த நாட்டு அரசர் வாரிசில்லாமல் இறந்ததும் நெதர்லாந்துப் பகுதி எங்களிடம் வந்து சேர்ந்தது.

ஒரு போரும் இல்லாமல் மூன்று பெரிய நிலங்கள் வந்துவிட்டன. அன்று மருமகன் எழுந்து நின்று கை தட்டினான், நானும் தட்டினேன். 1492-ல் எங்கள் மேல் கடன் கிடையாது. மாதக் கணக்கு 9 டுகாட் மிச்சம் காட்டியது. எங்கள் நோட்டில் அவ்வளவு ஆரோக்கியமான பக்கம் வேறு இல்லை.

## 1492–1545: கடல் தாண்டி

நாங்கள் எடுத்த முதல் கொள்கைத் தொகுதி நிலத்தேடல். அதுதான் குடியேற்றக்காரரையும், புது உலகத்துக்குப் போகும் மாலுமிகளையும் தருகிறது. ஒரு பிராந்தியத்தில் முதலில் ஐந்து மாகாணம் அமைக்கும் கத்தோலிக்க நாட்டுக்கு அந்தப் பிராந்தியத்தின் உரிமையைப் போப்பாண்டவர் கொடுத்துவிடுவார். 1494 ஜூன் 7 அன்று கையெழுத்தான தோர்தெசியாஸ் உடன்படிக்கையை வைத்துச் செய்த விதி இது. கரீபியனும் மெக்சிகோவும் எங்களுக்கு வந்தன, பிரேசில் போர்ச்சுகலுக்குப் போனது.

இந்த இடத்தில் ஒரு ஞாயிறு முழுக்க ஆட்டம் நின்றது. அதைச் சொல்லாமல் போகக்கூடாது.

குடியேற்றத்துக்கு ஒரு மாகாணத்தைத் தேர்ந்தெடுத்தால் சின்ன ஜன்னல் ஒன்று திறக்கும். அதில் அங்கே வாழும் பூர்வகுடிகளின் எண்ணிக்கை இருக்கும். பக்கத்தில் அவர்களுடைய மூர்க்கம் எவ்வளவு, எதிர்க்கும் போக்கு எவ்வளவு என்று இரண்டு எண்கள். கீழே, படை அங்கே நின்றால், அவர்களைத் தாக்கும் பொத்தான். அழுத்தினால் எண் சுழியமாகும், அப்புறம் குடியேற்றத்தை யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள். கணக்குப்படி அதுதான் லாபம். மருமகன் மவுஸை அந்தப் பொத்தானின் மேல் கொண்டுபோய்விட்டு ஆட்டத்தை நிறுத்தினான். "நாலாயிரம் பேர் மாமா" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே சேர்ந்து வாழும் கொள்கையைத் தேர்ந்தெடுத்தான். அதில் கலவரம் வராது, ஆனால் குடியேற்றத்தை வேகப்படுத்தும் சலுகையை விட்டுவிட வேண்டும்.

இந்த முடிவை நான் இன்றும் சரி என்றே சொல்வேன். ஆனால் அதைப் பெருமையாக எழுதவும் முடியாது. மெக்சிகோவையும் பெருவையும் நாங்கள் போர் செய்துதான் பிடித்தோம். வரலாற்றில், அன்றைய பெருவின் பொத்தோசி மலையில் 1545-ல் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. 1570-களில் வைஸ்ராய் தொலேதோ மீத்தா முறையை ஒழுங்குபடுத்தினார். அதன்படி சுற்று வட்டாரத்து ஆண்களில் ஏழில் ஒரு பங்கினர் ஆண்டுதோறும் முறைவைத்துச் சுரங்கத்துக்குப் போக வேண்டும். ஆட்டத்தில் பொத்தோசி என்பது பொன் சின்னம் போட்ட ஒரு மாகாணம், அவ்வளவுதான். அந்த ஆட்கள் திரையில் எங்கேயும் தெரிவதில்லை. இந்த ஆய்வு கஜானாவைப் பற்றியது என்றாலும், அந்தக் கஜானாவுக்கு வந்தது யாருடைய உழைப்பு என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே மருமகன் எழுதி வைத்தான்.

## 1549 மார்ச்: யாரும் கவனிக்காத மாதம்

நான்காவது சேவ் 1548 டிசம்பரில் எடுத்தது, ஐந்தாவது 1556-ல். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை நினைவிலிருந்தும் ஆட்டத்தின் பேரேட்டிலிருந்தும் சேர்த்துப் பார்த்தோம்.

1548 முடிவில் கடன் இல்லை. மாதக் கணக்கு மட்டும் 3 டுகாட் குறைவு காட்டியது. குடியேற்றங்களுக்கு ஆகும் செலவுதான் அதற்குக் காரணம். ஒரு குடியேற்றம் ஆயிரம் பேரைத் தொட்டால் செலவு தானாக நின்றுவிடும். அதனால் பயப்பட ஒன்றுமில்லை. 1549 மார்ச்சில் பெருவிலிருந்து முதல் பெரிய வெள்ளிக் கப்பல் தொகுதி வந்தது. மொத்தமாக 600 டுகாட்டுக்கு மேல். எங்கள் மாத வருமானத்தைப் போலப் பத்து மடங்கு.

அன்று எடுத்த முடிவுகள் மூன்று. அரசவை ஆலோசகர்கள் மூவரையும் முதல் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு மாற்றினோம். முதல் நிலை ஆலோசகருக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 1 டுகாட், மூன்றாம் நிலைக்கு 9. ஆக, மூன்று பேருக்கும் சேர்த்து 3 டுகாட்டாக இருந்தது 27 ஆனது. அமைதிக் காலத்தில் படைப் பராமரிப்பைப் பாதிக்குக் குறைத்து வைப்பது எங்கள் வழக்கம். அதை முழுதாக ஏற்றினோம். ஆப்பிரிக்கக் கரையில் புதிதாக இரண்டு கோட்டைகள் கட்டினோம்.

ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. நல்ல ஆலோசகர் இருந்தால் புள்ளிகள் வேகமாகச் சேரும், என்ரிக்கே காலத்தில் விட்டதைப் பிடிக்கலாம். துருக்கியர் டூனிஸ்வரை வந்துவிட்டார்கள், ஆகவே கோட்டை வேண்டும். மருமகன் விளக்கினான், நானும் தலையாட்டினேன். மாதக் கணக்கு 3 குறைவிலிருந்து 34 குறைவுக்குப் போனது. திரையின் மேலே சிவப்பில் அந்த எண் தெரிந்தது. "அது சும்மா மாமா, கப்பல் காசு அதுல சேராது. கப்பல் வந்தா சரியாகிடும்" என்றான். அவன் சொன்னது உண்மைதான். கப்பல் பணம் அந்த எண்ணில் சேராது. அதனாலேயே அந்த எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டோம்.

எங்கள் சங்கத்துக்கு வரும் உறுப்பினர்களில் சிலர் அறுவடைப் பணத்தை நம்பி வண்டிக்கு மாதத் தவணை போடுவார்கள். அறுவடை வருடத்துக்கு ஒருமுறை வரும், தவணை மாதம் பிறந்தால் வரும். நல்ல விளைச்சல் வந்தாலும் அவர்கள் திணறுவதை இருபது வருடமாகப் பார்க்கிறேன். அதே காரியத்தை என் கண் முன்னால் திரையில் செய்தபோது எனக்கு உறைக்கவில்லை. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் வலித்த இடம் இதுதான்.

## 1549–1571: கடன் ஏறிய விதம்

நோட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன். 1556-ல் கடன் 4. வட்டி மாதம் 2 டுகாட். 1563-ல் கடன் 11, வட்டி 6-க்கு மேல். 1571-ல் கடன் 23, வட்டி 15. இந்தக் காலம் முழுக்க வெள்ளிக் கப்பல்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஒவ்வொரு முறை வந்தபோதும் மூன்று நான்கு கடன்களை அடைத்தோம். அடுத்த கப்பல் வருவதற்குள் ஐந்தாறு புதிதாகச் சேர்ந்துவிடும்.

பணவீக்கம் இதற்கு நடுவில் மெதுவாக ஏறியது. ஆட்டத்தில் பணவீக்கம் எத்தனை சதவீதமோ, டுகாட்டில் வாங்கும் எல்லாவற்றின் விலையும் அத்தனை சதவீதம் கூடும். 10 டுகாட் காலாட்படை அணி 14 சதவீதப் பணவீக்கத்தில் 11.4 ஆகும். தனியாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. சம்பளம், கோட்டை, கப்பல் என எல்லாம் சேரும்போது, கப்பலில் வந்த வெள்ளியில் ஒரு பங்கு அப்படியே கரைந்துவிடுகிறது. 75 நிர்வாகப் புள்ளி கொடுத்தால் 2 சதவீதம் குறைக்கலாம். நாங்கள் அந்தப் புள்ளிகளை இத்தாலியில் பிடித்த நிலங்களைச் சேர்ப்பதற்குச் செலவழித்தோம். நிலம் வரைபடத்தில் மஞ்சளாகத் தெரிகிறது, பணவீக்கம் எந்த நிறத்திலும் தெரிவதில்லை.

உண்மையான ஸ்பெயினில் இதை முதலில் சொன்னவர்களில் ஒருவர் சலமான்காவில் கற்பித்த மார்ட்டின் தெ அஸ்பில்குவேத்தா. பணம் பெருகிய இடத்தில் அதன் மதிப்பு குறைகிறது, இண்டீஸிலிருந்து, அதாவது அமெரிக்க நிலங்களிலிருந்து, பொன்னும் வெள்ளியும் வருவதற்கு முன் ஸ்பெயினில் பொருள்கள் மலிவாக இருந்தன என்று 1556-லேயே எழுதினார். ஸ்பெயின் அரசராக இரண்டாம் ஃபிலிப் பட்டத்துக்கு வந்த வருடமும் அதுதான்.

1560-களில் மூன்று முனைகள் ஒரே நேரத்தில் திறந்தன. பிரான்ஸ் இத்தாலிக்காகப் போர் அறிவித்தது, துருக்கியர் வட ஆப்பிரிக்காவில் இறங்கினார்கள். நெதர்லாந்தில் கலகம் வெடித்தது. வரலாற்றிலும் 1568-ல்தான் அது தொடங்கியது. கூடவே ஆங்கிலேயர் கரீபியனில் தனியார் கொள்ளைக் கப்பல்களை விட்டார்கள். வெள்ளிக் கப்பல் போகிற வழியில் அவர்கள் நின்றால் ஒரு பங்கை உருவிக்கொள்வார்கள். வரும் பணம் குறைந்தது. செவில்லாவிலிருந்த எங்கள் சிறு கப்பல்களை ஏற்கெனவே பராமரிப்புச் செலவுக்காகக் கலைத்திருந்தோம். ஸ்பெயின் அரசு அதே 1560-களில் செய்தது நேர்மாறு: வணிகக் கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்து, போர்க்கப்பல் காவலோடு அனுப்பும் முறையை நிலைப்படுத்தியது. அப்படியும் 1628-ல் பீட் ஹெய்ன் என்ற டச்சுத் தளபதி கூபாவின் மத்தான்சாஸ் விரிகுடாவில் ஒரு வெள்ளித் தொகுதியையே பிடித்துக்கொண்டு போனார்.

## 1571: நெதர்லாந்தை விடுவதா?

இந்த ஒரு கேள்வியில்தான் நாங்கள் இருவரும் உண்மையாகவே வாக்குவாதம் செய்தோம்.

23 கடனைப் பார்த்துவிட்டு, நெதர்லாந்தை அடியரசாக விட்டுவிடலாம் என்றேன். அடியரசு தன் படையைத் தானே வைத்துக்கொள்ளும், வருமானத்தில் ஒரு பங்கு கொடுக்கும். மருமகன் ஒப்புக்கொள்ளவில்லை. "ஆன்ட்வெர்ப் போனா கால்வாய் வணிகம் போயிடும் மாமா. அப்புறம் கடனை எதை வெச்சு அடைக்கிறது?" என்றான். அதிலும் நியாயம் இருந்தது. கால்வாய் முனையில் வந்த பணம் எங்கள் வணிக வருமானத்தில் பெரும்பங்கு. நான் பேரேட்டைத் திறந்து காட்டியிருக்க வேண்டும். அங்கே நிறுத்திய படைக்கும் கோட்டைகளுக்கும் ஆகும் செலவையும், அங்கிருந்து வரும் வருமானத்தையும் பக்கம் பக்கமாக வைத்துக் கூட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும். கூட்டவில்லை. மவுஸ் அவனிடம் இருக்கிறது, ஆட்டம் அவனுடையது என்று விட்டுக்கொடுத்துவிட்டேன்.

பின்னால் கூட்டிப் பார்த்தபோது செலவுதான் அதிகம் என்று தெரிந்தது. மாதம் 8 டுகாட் நஷ்டம். கலகம் தொடங்கியதிலிருந்தே அப்படித்தான்.

இரண்டாம் ஃபிலிப்பும் முப்பது வருடம் அங்கே சண்டை போட்டார். 1598-ல், சாவதற்குச் சில மாதம் முன்னால், அந்த நாட்டின் ஆட்சியைத் தன் மகள் இசபெல் கிளாரா யூஜினியாவுக்கும் அவருக்கு நிச்சயித்திருந்த ஆல்பர்ட்டுக்கும் எழுதிக்கொடுத்தார்.

## 1577: திவால்

1574-லிருந்து பழைய கடன்கள் முதிரத் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் புதுக் கடன் எடுத்து அடைத்தோம். 1577 ஆகஸ்டில் எடுக்கக் கடன் இல்லை என்று ஆட்டம் சொல்லிவிட்டது. திவால் அறிவிப்பு தானாக வந்தது.

கடன் முழுக்க அழிந்தது, அது ஒன்றுதான் நல்லது. ஐந்து ஆண்டுக்குப் படையின் மனவுறுதி சரிந்துவிடும். நெதர்லாந்துப் பகுதியான ஃபிளாண்டர்ஸில் எண்ணிக்கையில் எதிரியைவிட இரண்டு மடங்கு இருந்த எங்கள் படை முதல் மோதலிலேயே பின்வாங்கியது. அணிகளின் பக்கத்தில் மனவுறுதியைக் காட்டும் பச்சைக் கோடு, போர் தொடங்கும்போதே அடியில் கிடந்தது. மருமகன் ஆட்ட வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு நாளாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வரலாற்றில் 1575-ல் ஃபிலிப் கடன் கொடுத்தவர்களுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தினார். ஃபிளாண்டர்ஸ் படைக்குச் சம்பளம் போகவில்லை. 1576 நவம்பரில் அந்தப் படையே கலகம் செய்து ஆன்ட்வெர்ப் நகரத்தைச் சூறையாடியது. பாடத்தில் படித்ததுதான் என்றாலும், அன்றைக்குத்தான் அது தனக்குப் புரிந்தது என்றான்.

1580-ல் நெதர்லாந்து தனி நாடாயிற்று. பிரான்ஸ் நேப்பிள்ஸின் பாதியை எடுத்துக்கொண்டது. மெக்சிகோவின் விடுதலை வேட்கையைக் காட்டும் எண் பாதியைத் தாண்டியதும் இங்கிலாந்து அதற்கு ஆதரவு தந்தது. 1593-ல் விடுதலைப் போர், 1597-ல் மெக்சிகோ போனது. பெரு மட்டும் மிஞ்சியது. 1611-ல் நிறுத்தினோம். இன்னும் ஆடியிருக்கலாம், ஆனால் அவனுக்கு மனசு விட்டுப் போயிருந்தது.

## நோட்டு சொன்னது

வெள்ளி போதவில்லை என்ற முடிவுக்கு வர முடியாது. 1549 முதல் 1577 வரை வந்த கப்பல் பணத்தை எல்லாம் கூட்டினால், 1571-ல் நின்ற கடனைப் போல இரண்டரை மடங்கு வருகிறது. நாங்கள் மாதச் செலவை மாத வரவுக்குள் வைத்திருந்தால் அந்த வெள்ளி முழுக்க மிச்சம். நிலையில்லாத வரவின் மேல் நிலையான செலவை ஏற்றியதுதான் வினை. மூன்று போர்களும் கலகமும் அதற்கு அப்புறம் வந்தவை. 34 டுகாட் குறைவில் ஓடும் நாட்டுக்கு எந்தப் போர் வந்தாலும் இதே முடிவுதான் கிடைத்திருக்கும்.

இதை ஆட்டத்தின் குறை என்று சிலர் சொல்லக்கூடும். அப்படி எனக்குத் தோன்றவில்லை. இரண்டாம் ஃபிலிப் காலத்தில் 1557, 1560, 1575, 1596 என நான்கு முறை பணம் கொடுப்பது நிறுத்தப்பட்டது. அமெரிக்க வெள்ளி வரத்து அந்த நூற்றாண்டின் உச்சத்தைத் தொட்டது 1590-களில். கடைசித் திவாலும் அந்த 1590-களில்தான். ஜெனோவா வங்கியாளர்கள் வரப்போகும் கப்பலை ஈடாக வைத்துக் கடன் கொடுத்தார்கள். கப்பல் செவில்லாவில் நங்கூரம் போடும் முன்னாலேயே அதிலிருந்த அரசாங்கப் பங்கு விற்றுப் போயிருந்தது.

வரைபடத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது மருமகன் இலங்கையின் வடக்கே யாழ்ப்பாணம் தனி அரசாக இருப்பதைக் காட்டினான். 1580 முதல் 1640 வரை போர்ச்சுகலும் ஸ்பெயின் அரசரின் கீழ்தான் இருந்தது. 1619-ல் போர்ச்சுகீசியர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துச் சங்கிலி குமாரனை கோவாவுக்குக் கொண்டுபோனபோது, லிஸ்பனுக்கும் மாட்ரிடுக்கும் ஒரே அரசர், மூன்றாம் ஃபிலிப். பாடப்புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்களாக இருந்தவை ஒரே திரையில் சேர்ந்து நிற்பதை அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

## இரண்டாவது ஆட்டத்தில் மாற்றியவை

போன மாதம் மறுபடி காஸ்டீலை எடுத்தோம். என்ரிக்கேயை இந்த முறையும் தள்ளி வைக்கவில்லை.

கப்பல் பணத்துக்கு நோட்டில் தனிப் பத்தி. அதிலிருந்து கடன் அடைக்கலாம், பட்டறையும் துறைமுகமும் கட்டலாம். சம்பளத்துக்கும் படைக்கும் எடுக்கக்கூடாது. ஆலோசகர் நிலையை உயர்த்த வேண்டுமென்றால், அந்தக் கூடுதல் சம்பளம் மாத மிச்சத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும். பணவீக்கம் 5 சதவீதத்தைத் தொட்டால் வேறு எதற்கும் முன்னால் 75 நிர்வாகப் புள்ளி அதற்குப் போகும். இந்த விதி மருமகனுடையது. அவனுக்கு இது மிகவும் கடினமாக இருக்கிறது, ஒவ்வொரு முறையும் இத்தாலியின் மிலானைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான். கரீபியனில் பன்னிரண்டு சிறு கப்பல்கள் கொள்ளையரைத் தேடிச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

நெதர்லாந்து இந்த முறையும் வந்து சேர்ந்தது. வந்த வருடமே அதற்குத் தனிப் பக்கம் போட்டேன், இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. வலது பக்கம் தொடர்ந்து மூன்று வருடம் பெரிதாக இருந்தால் அடியரசாக விடுவதாக இரண்டு பேரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். அந்த ஒப்பந்தத்தைக் கலகம் வரும் முன்னாலேயே எழுதியாயிற்று.

இப்போது ஆட்டம் 1552-ல் நிற்கிறது. பெருவிலிருந்து இரண்டாவது கப்பல் வந்து கஜானாவில் 900 டுகாட் இருக்கிறது. மாதக் கணக்கு 2 டுகாட் மிச்சம். போன ஞாயிறு மருமகன் ஆலோசகர் பக்கத்தைத் திறந்தான், மூன்றாம் நிலை ஆள் ஒருவர் காத்திருந்தார், சம்பளம் 9. நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தான். "ரெண்டாம் நிலை ஆளுக்கே காசு பத்தல மாமா" என்று ஜன்னலை மூடிவிட்டு, செவில்லாவில் ஒரு கப்பல்துறைக்கு உத்தரவு போட்டான்.